நான் மூடிய நோட்டு



சில ஆண்டுகளுக்கு முன், அம்மாபேட்டையில் மஃரிபுக்குப் பின் நடக்கும் மக்தப் வகுப்பில், பதினைந்து வயது மாணவன் ஒருவனின் தஜ்வீத் நோட்டைத் திருத்த வாங்கினேன். பின்பக்கங்களில் ஒரு கதை எழுதியிருந்தான். சந்தூக்கில் கிடத்தப்பட்ட மய்யித்தே அக்கதையைச் சொல்கிறது. தன்னைச் சுமப்பவர் யார், அழுபவர் யார், தறியை நிறுத்திவிட்டு வந்தவர் யார் என்று எண்ணிக்கொண்டே போகிறது.

இரண்டு பக்கம் படித்ததும் மூடிவிட்டேன். "இது ஷைத்தானின் ஊசலாட்டம், அவூது ஓது" என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தேன். அவனுடைய அத்தாவை அழைத்துக் காட்டினேன். அவர் அந்தத் தாள்களைக் கிழித்தார்; நான் தடுக்கவில்லை.

பிறகுதான் அவனுடைய தாயார் வழியாக அறிந்தேன். அரையாண்டுத் தேர்வின்போது ராசிபுரத்தில் அவனுடைய நன்னா வஃபாத்தாகியிருக்கிறார். படிப்புக் கெட்டுவிடும் என்று அவனுக்குச் சொல்லாமலே அடக்கத்தை முடித்துவிட்டார்கள். கதையில் பேசிய மய்யித் அந்த நன்னாதான். வராத பேரனுக்காகவே அவர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அது மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம்.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் மரணத்தை விரும்பிச் சொன்ன சொல்லை அல்லாஹ் தன் வேதத்தில் (19:23) நிலைக்கச் செய்திருக்கிறான். அதற்கடுத்த வசனங்களில் கண்டனம் இல்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், நீரோடையும், பேரீச்சம்பழமும் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தை எத்தனை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருப்பேன்! மரணத்தை ஆசைப்பட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது உண்மையே. அதை எடுத்துச் சொல்லவும் ஒரு நேரம் உண்டு. துக்கத்தின் காரணத்தைக் கேட்பதற்கு முன்பல்ல.

இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று. துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். தனிமையின் இருளை வீட்டார் கண்ணில் படாமல் எழுதினார். அவருடைய தாயாரே அக்கவிதைகள் பதிப்பாளரைச் சென்றடைய இரகசியமாக உதவினார். 2000இல் முதல் தொகுப்பு வெளிவந்தது. அவருடைய கருத்துகள் அனைத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், ஒளித்து எழுத வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியவர்கள் என்னைப் போன்ற பெரியவர்களே.

பிள்ளையின் எழுத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிகிறதோ என்ற ஐயம் எழுந்தால், தனியே அமர்த்தி நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். தமிழக அரசின் 104, டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் நள்ளிரவிலும் பேசலாம்.

அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றான். அக்கதையை மறுபடியும் எழுதித் தருவாயா என்று கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, மறந்துபோய்விட்டது என்றான்.