கடல் இருந்த வழியில் ஒரு டிராம்

ஹாங்காங்குக்கு நான்கைந்து நாள் விடுமுறையில் போகும் கணவன் மனைவியர் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களோடு விமானம் ஏறுகிறார்கள். ஒன்று பார்க்க வேண்டியவை: விக்டோரியா பீக், லன்டாவ் தீவின் பெரிய புத்தர், டிஸ்னிலேண்ட். மற்றது வாங்க வேண்டியவை: கைக்கடிகாரம், அழகுசாதனம், பிள்ளைகளுக்குப் பொம்மை. காலை முதல் பட்டியலுக்கு, மாலை இரண்டாவதற்கு என்று பொழுது பங்கு பிரிந்துவிடும். ஒருவருக்குக் கடைத்தெருவில் கால் வலிக்கும். இன்னொருவருக்கு அருங்காட்சியகத்தில் கொட்டாவி வரும். இடையில் இருக்கும் ஊர், மெட்ரோ சுரங்கத்துக்கு மேலே பார்க்கப்படாமலே கிடக்கும். இந்தப் பங்கீடு வேறு ஊர்களுக்குப் பொருந்தலாம், ஹாங்காங்குக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. சரக்கு இறக்கவும் ஏற்றவும் எழுந்த துறைமுகம் அது. எந்தப் பொருள் எந்தத் தெருவில் விற்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், பதிலாக ஒரு கப்பல்துறையோ ஒரு குடிபெயர்வோ வந்து நிற்கும். அப்படிக் கேட்டுக்கொண்டே போவதற்கு மிகப் பொருத்தமான வழி, ஹாங்காங் தீவின் வடகரையில் மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான் வரை ஓடும் டிராம். மொத்தம் 13 கிலோமீட்டர்.

1904 ஜூலை 30 அன்று ஓடத் தொடங்கிய தடம் இது. 1912 முதல் இரண்டு தட்டு வண்டிகள் வந்தன. இன்று எல்லாமே அப்படித்தான். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் ஓட்டுநர் அருகே காசு கொடுக்க வேண்டும். எத்தனை தூரம் போனாலும் ஒரே கட்டணம், நம் கணக்கில் சுமார் நாற்பது ரூபாய். வழியில் பத்து முறை இறங்கி ஏறினாலும் பெரிய செலவாகாது. இவையெல்லாம் வசதிகள். என் வாதத்துக்கு முக்கியமானது தடம் போகும் வழி. 1904இல் இந்தத் தண்டவாளம் ஏறக்குறைய அன்றைய கடற்கரையை ஒட்டிப் போடப்பட்டது. பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டே போனார்கள்; கரை வடக்கே நகர்ந்தது, தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே டிராமில் போகிறவர் பழைய கரையோரமாகவே போகிறார். கென்னடி டவுன் முனையில் மட்டும் கடல் இன்னும் பக்கத்தில் தெரிகிறது. அங்கே டிராம் திரும்பும் தெருவின் பெயர் கேட்சிக். கல்கத்தாவில் பிறந்து 1864இல் ஹாங்காங் வந்த ஆர்மீனியரான கேட்சிக் பால் சாட்டரின் நினைவாக வைத்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு, மத்தியப் பகுதிகளின் கரையோரக் கடலைத் தூர்க்கும் பெருந்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

கென்னடி டவுனிலிருந்து கிழக்கே வந்தால் டெவூ சாலையின் மேற்குப் பகுதி. இங்கே அவசியம் இறங்க வேண்டும். கடைக்குக் கடை உலர்ந்த கடல்பொருள்: சிப்பிச் சதை, இறால், மீனின் காற்றுப்பை, கருவாடு, கடல் அட்டை. ஒரே சரக்கு ஒரே தெருவில் இப்படிக் குவிந்ததற்குக் காரணம் எதிரே இருந்த கடல்தான். தென்கிழக்காசியாவின் அரிசியையும் வாசனைப் பொருள்களையும் வட சீனத்தின் மருந்துச் சரக்குகளையும் கைமாற்றிய வணிகர்கள் பக்கத்திலுள்ள பான்ஹம் ஸ்ட்ராண்டில் கூடினார்கள். 1868இல் நாம் பாக் ஹாங் என்ற சங்கத்தையும் அமைத்தார்கள். கப்பல் வந்து நின்ற இடத்தில் கிடங்கு வந்தது, கிடங்கு இருந்த இடத்தில் கடை வந்தது. கரை நகர்ந்த பிறகும் கடைகள் நகரவில்லை. இந்தத் தெருவில் தமிழருக்குத் தனியாக ஓர் அக்கறை இருக்க இடமுண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூழ்கி எடுத்து, வேகவைத்து உலர்த்திய கடல் அட்டை நெடுங்காலமாகச் சீனச் சந்தைக்குப் போன சரக்கு. நம் கரையில் யாரும் அதை உண்பதில்லை. உண்பவர்கள் இங்கே இருந்தார்கள். 2001இல் இந்தியா அதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துப் பிடிக்கத் தடை விதித்தது. இலங்கையின் வடக்கே உரிமத்தோடு அந்தத் தொழில் தொடர்கிறது. ஆகவே இந்தக் கடைகளில் கடல் அட்டையையும் சுறாத் துடுப்பையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி, ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. சைவர்களும் இங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். உலர்ந்த காளான், தாமரை விதை, செம்பேரீச்சை, பல ஆண்டு பழுத்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் இதே கடைகளில் உண்டு.

1906இல் கட்டிய செங்கல் கட்டடமான வெஸ்டர்ன் மார்க்கெட்டைத் தாண்டினால் சென்ட்ரல். என் வாதத்துக்கு முதல் மறுப்பு இங்கேதான் எழும். இருபுற ஜன்னல்களிலும் உலகப் பெருநிறுவனங்களின் தோல் பைகளும் கடிகாரங்களும்தான். துபாயிலும் சிங்கப்பூரிலும் கிடைப்பவற்றில் இந்த ஊரின் சரித்திரம் என்ன இருக்கிறது? பொருளில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொருளைத் தாங்கி நிற்கும் நிலத்தில் இருக்கிறது. சாட்டரின் திட்டத்தால் கடலிலிருந்து பிறந்த மனைகளில்தான் இங்குள்ள விலையுயர்ந்த கட்டடங்கள் பலவும் நிற்கின்றன. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கித் தலைமையகம் டிராம் பாதையை ஒட்டியே இருக்கிறது. அதன் தரைத்தளம் திறந்த வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் அங்கேயும் சுற்றுத் தெருக்களிலும் அட்டை விரித்து உட்கார்ந்து உண்டு, பேசி, ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டுகிறார்கள். வாரம் ஆறு நாள் பிறர் வீட்டில் தங்கி உழைப்பவர்களுக்கு இந்த ஊரில் கிடைக்கும் வரவேற்பறை அதுதான். வாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் உழைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு வெளிப்படையான பதிலை எந்தக் காட்சிக்கூடமும் தருவதில்லை.

வான் சாயில் டிராம் ஜான்ஸ்டன் சாலையில் திரும்புகிறது. 1920களில் வடபுறக் கடலைத் தூர்க்கும்வரை இதுவே கடலோரச் சாலை. 19ஆம் நூற்றாண்டு அடகுக்கடைக் கட்டடம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. இப்போது அது உணவகம். பக்கத்துத் தாய் யுவான் தெருவில் பொம்மைக் கடைகள். இதற்கு அப்பால் ஒரு கிளைத்தடம் ஹேப்பி வேலிக்குப் பிரிகிறது. குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி இஸ்லாமியர், கத்தோலிக்கர், பார்சிகள் எனத் தனித்தனி இடுகாடுகள். 1953இல் கட்டிய இந்துக் கோயிலும் அங்கே உண்டு. இந்தத் துறைமுகத்தில் பிழைக்க வந்து இங்கேயே மடிந்தவர்கள் எத்தனை வகை என்பதை அந்த ஒரு வளைவு காட்டிவிடும். காஸ்வே பே கடைத்தெருவாக மலர்ந்த கதை வேறு. 1960இல் ஜப்பானின் தாய்மாரு அங்கே பேரங்காடி திறந்தது, 1985இல் சோகோ வந்தது. தாய்மாரு மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூட்டம் மட்டும் அந்தச் சந்திப்பை விட்டுப் போகவில்லை.

டிராம் மெதுவாகப் போகிறதே என்பது நேர்மையான குறை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம்; மெட்ரோவில் அரை மணிதான். பெரும்பாலான வண்டிகளில் ஏசி கிடையாது, ஜூலை ஆகஸ்ட் புழுக்கத்தில் மேல்தளம் கடினம். இந்தக் காரணங்களைச் சொல்லியே, 1985இல் தீவுக்கு மெட்ரோ வந்த பிறகு டிராம் எதற்கு என்று கேட்டார்கள். 2015இல் சென்ட்ரல் பகுதித் தடத்தையே நீக்கலாம் என்று ஒரு யோசனை நகரத் திட்ட வாரியம்வரை போய், ஏற்கப்படாமல் திரும்பியது. மெட்ரோ அன்றாடம் வேலைக்குப் போகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. விடுமுறைக்கு வந்தவர் நேரத்தைச் செலவழிக்கவே வந்திருக்கிறார். மேல்தட்டின் முன்வரிசையில் இருவர் உட்கார்ந்தால், கட்டடம் பார்க்க விரும்புகிறவருக்கும் கடை பார்க்க விரும்புகிறவருக்கும் ஒரே ஜன்னல். ஒருவர் பொறுத்துக்கொண்டு மற்றவர் பின்னால் போவது என்ற நிலை அங்கே இல்லை. வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் நவம்பர், டிசம்பரில் போகட்டும்.

நார்த் பாயிண்டில் இந்த வழித்தடத்தின் மிக உயிருள்ள இடம் வருகிறது. சுன் யியுங் தெருவின் நடுவே டிராம் போகிறது. இருபுறமும் காய்கறி, மீன், பழம், துணி. மணி ஒலிக்கும்போது தண்டவாளத்தில் நிற்கும் மக்கள் விலகி வழிவிட்டு, வண்டி போனதும் மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். 1940களின் இறுதியில் ஷாங்காயிலிருந்து வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையக் குடியேறினார்கள். பிறகு ஃபூஜியன் மாகாணத்தார், அவர்களோடு இந்தோனேசியாவிலிருந்து வெளியேறிய சீனர்கள். அதனால்தான் ஹாங்காங்கின் வேறு சந்தைகளில் எளிதில் கிடைக்காத இந்தோனேசியத் தின்பண்டங்களும் மசாலாக்களும் இந்தத் தெருவில் கிடைக்கின்றன. நம் நாவுக்குப் பழகிய காரமும் தேங்காயும் அவற்றில் உண்டு. பேரங்காடியின் நினைவுப்பரிசுகளைவிட இவற்றை வாங்கி வருவது மேல்.

இதற்குக் கிழக்கே, குவாரி பேயிலும் தாய்கூவிலும், என் வாதம் சற்றுத் தளர்கிறது. தாய்கூ சர்க்கரை ஆலையும் கப்பல் கட்டும் தளமும் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகளும் பெரிய மாலும் நிற்கின்றன. அந்த மால் எந்த ஊரிலும் இருக்கக்கூடியதுதான். அங்கே இறங்க வேண்டியதில்லை.

மறுகரையான கவ்லூனைப் பார்க்காமல் ஹாங்காங்கைப் பார்த்ததாகுமா என்று கேட்பவர்களும் உண்டு. லேடீஸ் மார்க்கெட், டெம்பிள் ஸ்ட்ரீட் இரவுச் சந்தை, துறைமுகத்தின் முழுத்தோற்றம் எல்லாம் அங்கேதான். போகத்தான் வேண்டும். டிராமில் ஒரு நாள் கழித்த பிறகு போனால் எதிர்க்கரையில் வரிசையாக நிற்கும் கோபுரங்கள் எந்த நிலத்தில் எழுந்தவை என்று தெரிந்து பார்க்கலாம். முதல் நாளே கவ்லூனுக்குப் போகிறவருக்கு அது வெறும் விளக்கு அலங்காரம்.

ஷாவ் கெய் வான் மீனவர் குடியிருப்பாக இருந்த இடம். கடலோரத் தொழிலாளர் வழிபட்ட தின் ஹாவ் கோயிலும், 1905இல் எழுந்த தாம் குங் கோயிலும் அங்கே இருக்கின்றன. மெயின் ஸ்ட்ரீட் ஈஸ்ட் முழுக்கச் சின்னச் சின்ன உணவகங்கள். மீன் உருண்டை நூடுல்ஸுக்குப் பேர்போனவை. சற்றுத் தள்ளி லெய் யூ முன் கோட்டையில் ஜப்பானிய எதிர்ப்புப் போர், கடலோரப் பாதுகாப்பு அருங்காட்சியகம். 1941 டிசம்பர் 18 இரவு ஜப்பானியப் படைகள் தீவின் இந்தக் கரையில்தான் இறங்கின; கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் சரணடைந்தது. அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பயணத்தை மேற்கில் காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். அப்போது கருவாட்டுக் கடைகள் திறந்திருக்கும், சுன் யியுங் தெருவுக்கு நடுப்பகலில் போய்ச் சேரலாம், கோட்டையை அடைப்பதற்குள் வந்துவிடலாம். எல்லா வண்டிகளும் முனைக்கு முனை ஓடுவதில்லை. முகப்பில் எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்து ஏறி, வெஸ்டர்ன் மார்க்கெட்டில் மாறிக்கொண்டால் போதும்.