தோற்றால் யாரைக் குற்றம் சொல்வது?



ஒரு டீம் தோற்றால் தலைமைப் பயிற்சியாளரைத் திட்டணுமா, அவருக்குத் துணையாக நிற்பவரைத் திட்டணுமா? இதை எழுதணும்னு ரொம்ப நாளாக நினைத்தேன். பயந்து தள்ளிப் போட்டேன். ஏன் பயம் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

முதலில் பெரிய டீம் கதை. 2023-ல் பக்கத்தில் இருக்கிற பெங்களூருவில், கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கால்பந்துப் போட்டி நடந்தது. அப்போது இந்தியாவின் தலைமைப் பயிற்சியாளர் குரோஷியா நாட்டுக்காரர் இகோர் ஸ்டிமாக். பாகிஸ்தான் வீரர் த்ரோ போடப் போகும்போது இவர் குறுக்கே போய்ப் பந்தைத் தடுத்தார். உடனே ரெட் கார்டு. பிறகு குவைத் மேட்சிலும் ரெட் கார்டு! அதனால் அரையிறுதியிலும் இறுதிப் போட்டியிலும் துணைப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லிதான் கோட்டோரம் நின்றார். இரண்டு மேட்சும் பெனால்டி வரை போனது. லெபனானை 4-2, குவைத்தை 5-4 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கினோம்.

அடுத்த வருஷம், 2024 ஜூன் 11 அன்று கத்தாரிடம் 2-1 என்று தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே வந்தோம். கத்தாரின் முதல் கோலுக்கு முன்பே பந்து கோட்டைத் தாண்டியிருந்தது. நடுவர் விசில் ஊதவில்லை. இருந்தும் ஒரு வாரத்துக்குள் ஸ்டிமாக்கை நீக்கினார்கள். அடுத்து ஸ்பெயினைச் சேர்ந்த மனோலோ மார்க்கேஸ் வந்தார். 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் தோற்ற பிறகு அவரும் விலகினார். அப்புறம் நம் நாட்டு காலித் ஜமீல் வந்தார். அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்றோம். 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போச்சு.

ஆள் மாறியும் தோல்வி மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல நின்றவர் தலைமைப் பயிற்சியாளர்தான். யார் ஆடணும் என்று முடிவு செய்பவர் அவர்தானே? அது நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது.

நம்ம கிரவுண்டில் மட்டும் அது தலைகீழ்.

போன வருஷக் குறுவட்டப் போட்டி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நமக்குப் பழக்கிவிட ஒரு அக்கா வருவார்களே, கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மோடு கிரவுண்டுக்கு வருவார்களே, அவர்கள் அன்று லீவு போட்டு வந்தார்கள். ஒரு நாள் சம்பளம் போயிருக்கும். பி.டி. சார் பையன்களின் கபடிக்குப் போக வேண்டியிருந்தது. டீம் லிஸ்டை அக்கா கையில் கொடுத்து, "இதுல யாரையும் மாத்தாதம்மா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எனக்கு முந்தின நாளே கணுக்கால் சுளுக்கு. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று சாரிடம் மறைத்தேன். இடைவேளையில் அக்கா, "ஏய், ஏன் காலைத் தாங்கித் தாங்கி நடக்கற? வலிக்குதா?" என்று கேட்டார்கள். "இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். இரண்டாவது பாதியில் அந்த டீம் பொண்ணு என்னைத் தாண்டித்தான் ஓடினாள். என்னால் திரும்பக்கூட முடியவில்லை. கோல். 1-0. தோற்றோம்.

வேனில் எல்லோரும், "அக்காதான் ஆள் மாத்தல, அவங்களாலதான் தோத்தோம்" என்றார்கள். நானும் "ஆமா" என்றேன். சார் வந்து, "ஏம்மா மாத்தல?" என்று கேட்டார். "நீங்கதானே மாத்தாதன்னு சொன்னீங்க" என்று அக்கா சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வரவும் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதைவிட மோசம். கூடம் கோணல் இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கால் வலி உங்களுக்குத் தெரியாது. அது என் தப்பு. ஆனால் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஆள் மாற்றும் உரிமையைக் கொடுக்காமல் போனால், துணையாக நிற்பவர் என்ன செய்வார்? அக்காவிடமும் ஒரு தப்பு உண்டு. கண்ணால் பார்த்ததை நம்பாமல் என் வாயை நம்பினார்கள். எனக்குத் தெரிந்து அவ்வளவுதான் அவர்கள் பங்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை டேம் ரோட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அன்று வேனில் "ஆமா" சொன்னவர்கள் யாராவது கூட வருகிறீர்களா? சார், அக்கா திரும்பி வந்தால் அடுத்த மேட்சில் ஆள் மாற்றும் உரிமையை அவர்களிடம் கொடுங்கள். அப்புறம் தோற்றால் கேள்வி கேட்கலாம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி