இரண்டு அங்குல உயரம்

கடல் கடந்த மடல்
சால்ட் லேக் சிட்டி, யூட்டா



இந்த மாதம் இந்நாட்டு அரசியலையோ இங்கு பெய்யத் தொடங்கியிருக்கும் பனியையோ பற்றி எழுதுவதாக இல்லை. என் வீட்டு வாசலில் நிற்கும் பிக்அப் வண்டியின் முன்புறத்தை எத்தனை அங்குலம் உயர்த்துவது என்ற ஒரே கேள்வி, இரண்டு மாத காலமாக என் ஓய்வு நேரம் முழுவதையும், இல்லறத்தின் அமைதியில் ஒரு பகுதியையும் அபகரித்துக்கொண்டிருந்தபடியால், அதை எழுதித் தீர்த்தாலன்றி வேறு விஷயம் எதற்கும் என் பேனா சம்மதிக்காது போலிருக்கிறது.

இந்த யோசனைக்கு வித்திட்டது சென்ற இலையுதிர் காலத்தில் நாங்கள் செய்த ஒரு பிரயாணம். இவ்வூரிலிருந்து தென்கிழக்கே நாலு மணி நேரம் ஓட்டினால் மோவாப் என்னும் சிற்றூர் வரும். அதற்கப்பால், கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், 1950களில் யுரேனியம் தேடிச் சென்றவர்களுக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் முயற்சியால் உண்டான ‘ஒயிட் ரிம்’ என்ற மண் பாதை, செம்பாறை மேட்டின் இடுப்பைச் சுற்றி நூறு மைல் ஓடுகிறது. யுரேனியம் பிரமாதமாக ஒன்றும் கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது. அந்தப் பாதையில் மர்ஃபி ஹாக்பேக் என்னும் செங்குத்தான ஏற்றத்தில், எங்கள் 2012ஆம் வருஷத்து டொயோட்டா டக்கோமாவின் அடித்தகடு பாறைப் படி ஒன்றின்மேல் உரசி எழுப்பிய ஓசையை, எவர்சில்வர் அண்டாவைச் சிமென்டுத் தரையில் இழுத்துக் கேட்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். எண்பதை நெருங்கும் அவர், பாதி வாழ்நாளைப் பண்ணை லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழித்தவர். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. அளவு நாடாவைத்தான் தேடினார். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையில் நாலு மூலையிலும் அளந்தோம். பின்னால் இரு பக்கமும் இருபத்தொன்றரை அங்குலம். முன்னால் வலப்புறம் இருபது, இடப்புறம் பத்தொன்பதரை. முன்புறம் தாழ்ந்திருப்பது குற்றமன்று என்றார் பெரியவர். பின் தொட்டியில் பாரம் ஏற்றியதும் வண்டி சமமாக நிற்கவேண்டும் என்பதற்காக, தொழிற்சாலையிலேயே பின்புறத்தைச் சற்று நிமிர்த்தி விடுகிறார்கள். முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டையை நகர்த்தி வைத்த நம் வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டிய அவசியமில்லை. இடப்புறம் அரை அங்குலம் குறைந்ததற்கும் காரணம் எளியது: இந்த வண்டியில் பெட்ரோல் தொட்டியும், அதனோடு போட்டியிடும் கனமுள்ள நானும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறோம்.

இனி, உயர்த்தும் உபாயங்கள். இவ்வண்டியின் முன் சக்கரங்கள், பழைய லாரிகளில் இருப்பதுபோல் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் கோத்தவை அல்ல. ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் சேஸிஸோடு தனித்தனியே பிணைக்கப்பட்டு, காயில் ஸ்பிரிங்கையும் அதன் நடுவே செல்லும் ஷாக் அப்சார்பரையும் ஊன்றுகோலாகக் கொண்டு நிற்பவை. அந்த ஊன்றுகோலின் தலையில் ஒரு அங்குல கனமுள்ள வட்டக் கட்டை ஒன்றை வைத்து முடுக்கிவிட்டால், கிணற்று ஏற்றத்தின் துலா அடியில் சிறிது அசைந்து நுனியில் பெரிதாக அசைவதைப்போல, சக்கரத்தின் அருகே ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம் கிடைத்துவிடும். செலவு நூறு டாலர் சுமார். இதைவிட மலிவான வித்தை வேறில்லை. ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, தொழிற்சாலை நினைத்ததற்கும் கீழே தொங்குகிறது. மேற்கையின் நுனியிலுள்ள பால் ஜாயின்ட் என்னும் மூட்டு அதன் எல்லை வரை முறுக்கப்படுகிறது. எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு கோணலாகச் சுழல்வதால், அதன் மூட்டைப் போர்த்திய ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து, நாளடைவில் கிழிந்து, உள்ளிருக்கும் கிரீஸை வாரி இறைத்துவிடும்.

இரண்டாவது உபாயம், ஷாக் அப்சார்பரையே மாற்றி, அதன் உடலில் வெட்டியுள்ள பள்ளங்களில் வேண்டியதொன்றில் வளையத்தை அமர்த்தி, பழைய ஸ்பிரிங்கை அதன்மேல் சற்று இறுக்கி நிறுத்துவது. ஸ்பிரிங்கை இறுக்கினால் அது கடினமாகிவிடும் என்பது பொதுவான அபிப்பிராயம். உண்மையில் அதன் வலு மாறுவதில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கு மிஞ்சியிருக்கும் தூரம்தான் குறைகிறது. பேராசைப்பட்டு மேலே ஏற்றினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் முழுவதும் நீண்டு, ‘டக்’ என்று முட்டி நிற்பதை இருக்கையில் இருப்பவரின் முதுகெலும்பு உணரும். மூன்றாவது, நீண்ட ஷாக், பாரத்துக்கேற்ற புது ஸ்பிரிங், கோணம் திருத்திய மேற்கைகள் என்று எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவது. ஆயிரம் டாலரில் முடியாது.

நாலாவது உபாயத்தை எனக்கு உபதேசித்தவர் நகரத்துப் பட்டறைக்காரர் ஒருவர். கீழ்க்கைகளையும் டிஃபரென்ஷியலையும் புதுத் தாங்கிகளில் கீழே இறக்கிவைத்து, வண்டியை ஆறு அங்குலம் உயர்த்துவது. மூட்டுகளின் கோணம் பெரும்பாலும் பழையபடியே இருக்கும் என்பது இதன் விசேஷம். நான் மயங்கித்தான் போனேன். பெரியவர் அந்த விலைப்பட்டியலைப் படித்துவிட்டு, “ஆறு அங்குலம் உயர்த்தி, அந்த ஆறு அங்குலத்தையும் வயிற்றுக்குக் கீழே தாங்கிகளாகத் தொங்கவிடுகிறார், பெரிய டயர் மாட்ட இடம் கிடைக்கும், நீ முட்டிக்கொண்ட பாறை பழைய தூரத்திலேதான் இருக்கும்” என்றார். பட்டறையில் அரை மணி நேரம் கேட்ட பிரசங்கம் அந்த ஒரே வாக்கியத்தில் கரைந்தது.

இதற்கிடையில், சமையலறையிலிருந்து என் மனைவி கேட்ட கேள்வி விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோயிற்று. “அடுத்த மாசம் அம்மா வர்றாங்க. அவங்க முழங்கால் எத்தனை அங்குலம் தாங்கும்னு அந்தப் பெரியவர்கிட்ட கேட்டீங்களா?” கேட்கவில்லை. வண்டியின் மூட்டுகளைப்பற்றி இத்தனை நாள் கவலைப்பட்டவன், அதில் ஏறப்போகிறவரின் மூட்டுகளை மறந்தே போனேன்.

ஆகவே இரண்டாவது உபாயத்தையே கொண்டு இரண்டு அங்குலம் என்று தீர்மானித்தோம். இடப்புறத்துக் குறையை நேர்செய்ய அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் தலையில் கால் அங்குல வளையம் ஒன்றும் வைத்தோம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வேலையைப் பெரியவர் எங்களைச் செய்யவிடவில்லை. நழுவினால் ஆளைக் கொல்லும் சக்தி அதில் அடங்கியிருக்கிறது என்று, அதை மட்டும் இயந்திரம் உள்ள கடையில் செய்து வாங்கிவரச் சொன்னார். மற்றவற்றை ஒரு சனிக்கிழமையில் முடித்து, மறுநாளே வீல் அலைன்மென்ட் பார்த்தோம். உயர்த்திய வண்டியை அளவு பாராமல் ஓட்டினால், முன் டயர்கள் ஓரம் தேய்ந்து சில மாதங்களில் வழுக்கையாகிவிடும்.

இந்நாட்டில் உயரத்தை அழகுக்காகவே விரும்புகிறவர்களும் உண்டு. முன்னைத் தூக்கிப் பின்னைத் தாழ்த்தி, குந்தியிருக்கும் நாயைப்போல் வண்டியை அமைத்துக்கொள்ளும் ‘கரோலினா ஸ்குவாட்’ என்னும் மோகம் தலைவிரித்தாடியதன் விளைவாக, முன் மட்கார்டு பின்னதைவிட நாலு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும்படி வண்டியை மாற்றுவதை வட கரோலினா மாநிலம் 2021இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அப்படிப்பட்ட வண்டியில் ஓட்டுநருக்குக் கண்முன் இருக்கும் தெரு மறைகிறது. எதிரே வருபவருக்கோ விளக்கொளியில் கண் மறைகிறது.

அந்தச் செய்தியைப் படித்தபோது ஏளனமாகச் சிரித்த நான், புது உயரத்தோடு முதல் முறை இரவில் வெளியே போனபோது, எதிரே வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கைச் சிமிட்டி என்னைக் கண்டித்தன. மறுநாள் மாலை, பெரியவரின் சொற்படி, வேலை தொடங்குமுன்பே கராஜ் கதவில் வெளிச்சத்தின் மேல்விளிம்பைக் குறித்து ஒட்டிவைத்திருந்த நீல நாடாவுக்கு எதிரே, இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டேன். முன்புறம் நிமிர்ந்ததில் விளக்கும் நிமிர்ந்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு நாடாவுக்கு ஏறக்குறைய ஏழு அங்குலம் மேலே விழுந்தது. இருநூற்றைம்பது அடியில் அது நாலு அடியாகிவிடும். அதாவது, யாரோ ஓர் அந்நியரின் முகம்.

ஊரிலிருந்து வந்து ஒரு வாரமாகியிருந்த என் மாமியார், நான் ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் குனிந்து நிற்பதையும், கதவில் விழுந்த வெளிச்சம் அணு அணுவாகக் கீழே வருவதையும் வாசற்படியிலிருந்து சிறிது நேரம் கவனித்துவிட்டு, “ஏன் மாப்பிள்ளை, ஏத்தினதைத் திரும்ப இறக்குறீங்களா?” என்று கேட்டார்.

“வெளிச்சத்தை மட்டும், அத்தை” என்றேன்.

அன்புடன்,
தங்கள் மடல்காரன்