கச்சான் காற்றும் வாயு விதியும்

வாயுக்களின் இயக்கக் கொள்கை என்றதும், அஃது ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்க்குள் அடங்கிய விஷயம் என்றே நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். பதுளையிற் கற்போர் அவ்வாறு எண்ணுவது விந்தையே. ஆடி, ஆவணி மாதங்களில் லயத்துக் கூரைகளை உலுக்கும் கச்சான் காற்றே அவர்க்கு வாய்த்த ஆய்வுகூடம்.

வாயு என்பது ஓயாது ஓடித்திரியும் மூலக்கூறுகளின் கூட்டம். அவை சுவரில் மோதுவதே அமுக்கம் என 1738 ஆம் ஆண்டிலேயே தானியேல் பெர்னூலி விளக்கினார். அவற்றின் சராசரி இயக்கசக்தியை அளப்பதே வெப்பநிலை. எதிர்த்து வரும் துடுப்பிற் பட்ட பந்து விரைவு கூடித் திரும்பும். பின்வாங்கும் துடுப்பிற் பட்டதோ தளர்ந்து திரும்பும். மூலக்கூறுகளும் அப்படியே. ஆதலால் விரைந்து நெருக்கப்படும் வாயு சூடேறும். விரியும் வாயு குளிரும். சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள். போயிலின் விதி வெப்பநிலை மாறாதபோதே பொருந்தும் என்பதை மறந்து மாணவர் தடுமாறுவதும் இவ்விடத்திலேதான்.

தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்க மலைகளில் ஏறுகையில், மேலே அமுக்கம் குறைவாதலால் விரிந்து குளிர்கிறது. நீராவி ஒடுங்கி மழையாகிறது. அப்போது வெளிப்படும் மறைவெப்பம் குளிர்ச்சியை ஓரளவு தணிக்கிறது. மழையை அங்கேயே இறக்கிவிட்டு ஊவாப் பக்கம் சரியும் காற்றோ, ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. எனவே, மேற்கே அதே உயரத்தில் இருந்ததைவிட வெப்பமாயும் உலர்ந்தும் வந்து சேர்கிறது. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துள் மழையோடு நுழையும் புகையிரதம் வெயிலில் வெளிப்படுவதைப் பயணிகள் கண்டிருப்பர்.

இவ்வுலர்காற்றுப் பட்டால் தேயிலைச் செடி தளிர்ப்பது குறையும். கொழுந்தில் மணப்பொருள்கள் மிகும். ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் இதனால் வருவது. கொழும்பு ஏலத்தில் இப்பருவத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு.

கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கோ இது மெலிந்த காலம். மலை முழுதும் நடந்தும் கூடை நிறையாது. குறித்த நிறை வராத நாளில் ‘அரைப் பேர்’தான். மணம் மிகுந்த கொழுந்துக்கும் நிறையே கணக்கு என்பது நமக்கு நியாயமாகப் படவில்லை. இதனை விதித்தது எந்த வாயு விதியும் அன்று.

நம் வகுப்பிலிருப்போரிற் பலர் அத்தாய்மாரின் பிள்ளைகளே. கச்சான் எப்போது தொடங்கிற்று என்று வினவினால், மற்றைய நாளில் வாய் திறவாதவரும் விடை கூறுகின்றனர். அம்மாவின் சம்பளச் சீட்டில் அது தெரியுமாம்.