பன்னிரண்டா, பதிமூன்றா?

பெஞ்சின் மேல் ஒரு செயின் சா மல்லாந்து கிடந்தது. பக்கவாட்டு மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்றுக்கு மூலைகளே இல்லை. ஆறு முனையும் மழுங்கி, ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. "இது மரம் அறுத்துத் தேஞ்சது இல்ல சார். ஸ்பேனர் தேச்சது" என்றார் மெக்கானிக்.

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகிற சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. வாசலில் இரண்டு பவர் ஸ்பிரேயர், ஒரு தண்ணி இன்ஜின், புல் வெட்டுகிற பிரஷ் கட்டர். உள்ளே பெட்ரோலும் ஆயிலும் கலந்த வாசனை. இந்தப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் இப்படி ஏதாவது ஒரு சின்ன இன்ஜின் இல்லாமல் இருக்காது. செயினை இறுக்குவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது, பிளேடு மாற்றுவது எல்லாம் வீட்டிலேயே நடக்கிற வேலைகள். எந்த வேலைக்கு எந்த ஸ்பேனர் என்பதுதான் பெரும்பாலும் கையில் அகப்பட்டதைப் பொறுத்து முடிவாகிறது. அதன் விளைவைப் பார்க்கத்தான் ஒரு முற்பகல் முழுக்க அந்தப் பெஞ்சருகே நின்றேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அதுவரை ஸ்பிரேயரும் தண்ணி இன்ஜினும்தான் அவருக்கு முக்கிய வேலை. புயலுக்குப் பிறகு செயின் சாக்கள் வரிசையாக வரத் தொடங்கின. "ராத்திரி பகலா அறுத்தாங்க. செயின் தொங்குனா இருக்கிற ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு. அப்போ வந்த மெஷின்ல இன்ஜின் கெட்டது கொஞ்சம், மரை போனதுதான் நெறைய" என்றார். மரை போவதைப் பற்றி அவர் பேசும்போது குரலில் ஒரு வருத்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருத்தம் நியாயமானது. தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மாற்றலாம். கிராங்க்கேஸில் ஸ்டட் இறங்குகிற மரை போனால் ஓட்டையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரை வைத்துத்தான் மீட்க வேண்டும்.

மழுங்கிய நட்டை அவர் கழற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பிரஷ்ஷால் மரத்தூளையும் செயின் ஆயிலையும் வழித்தார். பிறகு ஒரு தட்டை அரத்தை எடுத்து, நட்டின் எதிரெதிர் பக்கங்கள் இரண்டை மட்டும் நிதானமாக ராவினார். பதிமூன்று மில்லிமீட்டர் நட்டு அது. இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் போனதும் பன்னிரண்டு ஸ்பேனர் சிக்கென்று உட்கார்ந்தது. ஒரே இழுப்பு, நட்டு இளகிவிட்டது. அடியில் இருந்த ஸ்டட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கட்டிங் பிளேயரைப் போட்டிருந்தா ஸ்டட்டையும் முறுக்கியிருப்பாங்க" என்றார் பக்கத்திலிருந்த பையனிடம். பையன் "ஆமாண்ணே" என்று நட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் உள்ள சண்டை அந்தப் பட்டறையில் தினமும் நடப்பது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஐரோப்பிய மெஷின்களில் தலை அகலம் 13. அதே எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலும் 12. ஒரே கொட்டகையில் ஜெர்மன் செயின் சாவும் ஹோண்டா பம்ப் இன்ஜினும் நிற்கும். நம் கடைகளில் கிடைக்கிற இருமுனை ஸ்பேனர் செட்டிலோ 6-7, 8-9, 10-11 என்று போய், பன்னிரண்டும் பதிமூன்றும் ஒரே ஸ்பேனரின் இரண்டு முனைகளாக இருக்கின்றன. அவசரத்தில் எடுக்கிறவர் கையில் எந்த முனை வரும் என்பது அதிர்ஷ்டம். பதிமூன்றைப் பன்னிரண்டு நட்டில் மாட்டினாலும் முதல் திருகுக்கு அது பிடிக்கத்தான் செய்யும், ஏனென்றால் மூலைகள் புதிதாக இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஸ்பேனர் சாய்ந்து, முழு அழுத்தமும் மூலைகளின் மேல் விழும். அடுத்தடுத்த திருகுகளில் மூலை மழுங்கும். அங்குல அளவில் செய்த பழைய இன்ஜின்கள் வந்தால் குழப்பம் இன்னும் கூடும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் பன்னிரண்டு ஏறாது, பதிமூன்று ஆடும். முக்கால் அங்குலம் மட்டும் 19.05 ஆக இருப்பதால் பத்தொன்பதோடு ஒத்துப்போகிறது.

அவர் சோதிக்கிற முறை எளிது. ஸ்பேனரை நட்டில் வைத்து, திருகாமல், இடமும் வலமுமாக விரலால் ஆட்டிப் பார்க்கிறார். கையில் ஆட்டம் தெரிந்தால் அந்த ஸ்பேனர் பெட்டிக்குத் திரும்புகிறது.

அளவு சரியாக இருந்தாலும் வாய் எப்படி இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கிறது. ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கிறது. ரிங்கிலும் சாக்கெட்டிலும் பன்னிரண்டு முனை, ஆறு முனை என்று இரண்டு வகை உண்டு. பன்னிரண்டு முனை இடுக்கான இடத்தில் வசதி, ஆனால் அது மூலைகளை ஒட்டியே தள்ளுகிறது. ஆறு முனை பக்கங்களின் மேல் படிந்து தள்ளுகிறது. ஆயில் ஊறிய, சூடு பட்ட, ஏற்கெனவே பாதி தேய்ந்த சின்ன நட்டுகளுக்கு ஆறு முனையைத் தவிர வேறெதையும் நான் இனி சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் பெட்டியில் சாக்கெட்டுகள் எல்லாமே ஆறு முனை. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று இருந்தது, பிளம்பிங் வேலைக்கு என்று தனியாக.

செயின் சாவோடு கம்பெனியே கொடுக்கிற டி வடிவ ஸ்பேனரைப் பலர் பொம்மைச் சாமான் என்று தூக்கிப் போடுகிறார்கள். அதை அவர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். பரவலாகக் காணப்படும் வகையில் ஒரு முனை 19, மறுமுனை 13, தண்டின் நுனி தட்டைத் திருப்புளி. பிளக், செயின் ஓடுகிற பாரின் நட்டு, செயினை இறுக்கும் திருகு மூன்றும் இதிலேயே முடிந்துவிடும். கைப்பிடி குட்டையாக இருப்பதை ஒரு குறையாக அவர் பார்க்கவில்லை. செயின் சாவின் கிராங்க்கேஸ் பெரும்பாலும் மெக்னீசியக் கலவை, சிலிண்டர் அலுமினியம். இரும்பு ஸ்டட்டும் இரும்பு பிளக்கும் இந்த மென்மையான உலோகங்களில்தான் இறங்கி நிற்கின்றன. தோற்பது எப்போதும் மென்மையானதுதான். நீளமான பிடி அந்தத் தோல்வியைச் சீக்கிரம் கொண்டுவரும்.

இதை அவர் பிளக்கை வைத்தே காட்டினார். செயின் சாவில் வருகிற 14 மில்லிமீட்டர் மரை பிளக்குக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும் என்று மேனுவல்கள் சொல்கின்றன. மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் இதற்கு 17 கிலோ அளவு அழுத்த வேண்டும், அது ஒரு கையின் சாதாரண பலம். அதே அழுத்தத்தை 45 சென்டிமீட்டர் பிடியில் கொடுத்தால் 75 நியூட்டன் மீட்டர். கைக்கு வித்தியாசமே தெரியாது, அலுமினிய மரைக்குத் தெரிந்துவிடும். லாரி வீல் நட்டுக்கு வைத்திருக்கும் ராடை எடுத்து வருகிறவர்களை அவர் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

பிளக் விஷயத்தில் இன்னொரு தடுமாற்றம் அளவு. செயின் சா பிளக்கின் அறுகோணம் பெரும்பாலும் 19. ஹோண்டா ஜிஎக்ஸ் 160 மாதிரி பம்ப் இன்ஜின்களில் வருவதற்கு 21 ஸ்பேனர் வேண்டும். பிரஷ் கட்டரில் இருக்கிற ஜிஎக்ஸ் 35 போன்ற சின்ன நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 16. மூன்று மெஷின், மூன்று அளவு. இதற்குக் குழாய் வடிவப் பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. திறந்த வாய் ஸ்பேனரைச் சாய்த்துப் போட்டால் பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். வெளியே தெரியாது, மெஷின் மட்டும் விட்டுவிட்டு ஓடும், கார்பரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்ஜின் ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றி இருக்கிற தூளை ஊதித் தள்ளிவிட்டுத்தான் கழற்றினார், இல்லையென்றால் அந்தத் தூள் நேராகச் சிலிண்டருக்குள் போகும். திரும்பப் போடும்போது ஸ்பேனரையே எடுக்கவில்லை. ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, குழாயை விரலால் உருட்டினார். மரை குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கிவிடும், பிளக் நகராது. அடிவரை இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். புதுப் பிளக்காக இருந்தால் வாஷர் நசுங்க அரைச் சுற்று, பழையதாக இருந்தால் எட்டில் ஒன்றிலிருந்து கால் சுற்று வரை. அதோடு கை நின்றுவிட்டது.

டார்க் ரென்ச் வாங்கலாமா என்று கேட்டேன். பைக் கடைக்காரர் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தாமல் தந்துவிட்டுப் போனதை எடுத்துக் காட்டினார். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளக்கிறது. சின்ன இன்ஜினில் நாம் வீட்டில் இறுக்குகிற எதுவும் அநேகமாக 40-ஐத் தொடாது. வாங்கினால் 5 முதல் 25 வரை அளக்கிற குட்டி ரென்ச் வாங்க வேண்டும். பெரியதை வைத்துக்கொண்டு "டார்க் ரென்ச்சில்தான் இறுக்கினேன்" என்று நம்புவது வெறுங்கையால் இறுக்குவதைவிட ஆபத்து என்பது என் எண்ணம்.

கிளட்சைக் கழற்றிய கட்டம்தான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. செயின் சா கிளட்ச்சுக்கு இடது மரை. இன்ஜின் ஓடும்போது கிளட்ச் தானாக இறுகிக்கொண்டே இருக்கும்படி செய்த ஏற்பாடு அது. கழற்ற வேண்டுமானால் கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்ப வேண்டும். பல மெஷின்களில் கிளட்சின் முகத்திலேயே அம்புக்குறி இருக்கிறது, ஆயில் பிசுக்கு மூடியிருப்பதால் கண்ணில் படுவதில்லை. வழக்கமான பக்கம் பலம் கொண்ட மட்டும் திருப்பி, கிளட்சையே உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டாம்.

கிராங்க் சுற்றாமல் பிடிக்க அவர் நைலான் கயிறு வைத்திருக்கிறார். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் துவாரத்தை மூடியதைச் சைலன்சரைக் கழற்றிய ஓட்டை வழியே பார்த்துக்கொண்டார். பிறகு பிளக் துவாரத்தில் கயிற்றை அடைத்து, நுனியை வெளியே விட்டார். துவாரம் திறந்திருக்கும்போது கயிறு போட்டால் அது துவாரத்துக்குள் நுழைந்து வெட்டுப்படும். இரும்புத் துண்டைச் செருகினால் பிஸ்டனின் தலையில் பள்ளம். கயிறோ மெத்தென்று பிடித்துக்கொள்கிறது.

அடுத்து 19 சாக்கெட். அந்தக் கிளட்சின் அறுகோணம் உயரம் குறைவு, சாக்கெட் பிடிக்கச் சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும். கடைச் சாக்கெட்டின் வாயோரம் உள்பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும், நட்டில் சுலபமாக ஏறட்டும் என்று. அந்தச் சரிவே உயரத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. அவருடைய சாக்கெட்டின் வாயைக் கிரைண்டரில் சமமாகத் தேய்த்து வைத்திருக்கிறார். என் கையில் கொடுத்து விரலால் தடவச் சொன்னார். கத்தி மாதிரி நேர் விளிம்பு, சரிவே இல்லை. கிளட்ச் ஒரே உந்தலில் இளகியது. அறுகோணமே இல்லாத கிளட்சுகளும் உண்டு, அவற்றுக்குக் கம்பெனி தனிக் கருவி தருகிறது. உளியும் சுத்தியலும் அதற்கு மாற்று இல்லை.

பிரஷ் கட்டரிலும் பிளேடு நட்டு அநேகமாக இடது மரைதான். கியர் தலையில் இருக்கிற துளையில் ஆலன் கீயைச் செருகிப் பூட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். அதற்கு முன் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளிவைக்கிறார். பையனும் கேட்காமலே அதைச் செய்கிறான்.

ஸ்டார் கீயைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய செயின் சாக்களில் மூடி, கைப்பிடி, சைலன்சர் என்று பல இடங்களில் ஆறு முனை நட்சத்திரத் திருகுதான், அளவு பெரும்பாலும் டி27. அதில் ஆலன் கீயைத் திணித்துத் திருகுகிறவர்கள் அதிகம். திருகின் குழியில் அடைத்திருக்கும் தூளை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, கீ அடிவரை இறங்கிய பிறகு திருகினால் அந்தத் திருகு பல வருஷம் வரும்.

பழுது பார்த்த செயின் சாவின் பாரை மாட்டும்போது நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றினார். பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்து, செயினை இறுக்கும் திருகைத் திருப்பி, தூக்கிய நிலையிலேயே நட்டுகளை இறுக்கினார். செயின் பாரின் அடியில் ஒட்டி நின்றது, கையால் இழுத்தால் ஓடியது. வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிடச் சொன்னார். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி, கிராங்கையும் பேரிங்கையும் இழுக்கும்.

மெஷினை வாங்க வந்தவர் வாட்டாக்குடிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற பெரியவர். "தம்பி, ஒரு ஸ்பேனர் செட் வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். "முழு செட்டு வேணாம் ஐயா" என்றார் மெக்கானிக். "டி ஸ்பேனர் உங்ககிட்ட இருக்கு. தண்ணி இன்ஜினுக்கு 21 பாக்ஸ் ஸ்பேனர் ஒண்ணு, டி27 ஸ்டார் கீ ஒண்ணு, பத்தும் பன்னெண்டும் தனித்தனி ஆறு முனை சாக்கெட்டா. கடைக்குப் போறப்போ இந்தப் பழைய போல்ட்டை எடுத்துட்டுப் போங்க. வாங்குறதுக்கு முன்னால போட்டு ஆட்டிப் பாருங்க." ராவிய நட்டையும் ஹோண்டா இன்ஜினின் போல்ட்டு ஒன்றையும் தாளில் மடித்துக் கொடுத்தார். "ராவுனதுக்கு எந்த சைஸும் பாக்காதீங்க, அதுக்குப் புது நட்டு போட்டுட்டேன். அப்படி ஆகாம பாத்துக்கத்தான் அது."