மூக்கண்டப்பள்ளியும் ஒரு மூடியும்

பெங்களூர் போகிறவர்கள் ஓசூரில் இறங்கிக் காப்பி சாப்பிடுவதுண்டு. குன்றின் மேல் கோயில் கொண்டிருக்கும் சந்திரசூடேசுவரரைத் தரிசிப்பதுண்டு. ரோஜாத் தோட்டங்களைப் பார்த்து ஆனந்தப்படுவதுண்டு. ஆனால், ஓசூரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருக்கும் மூக்கண்டப்பள்ளியில் யாராவது இறங்குவார்களா? நாங்கள் இறங்கினோம். நாங்களாக இறங்கவில்லை, எங்கள் கார் இறக்கிவிட்டது!

அது என் அப்பா வைத்துவிட்டுப் போன அம்பாசிடர். இந்த வண்டியைத் தயாரிப்பதை 2014-ல் நிறுத்திவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னைப் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு புக்ககத்துக்கும் கொண்டுபோய் விட்ட வண்டி அது. சில மாதங்களாக அதற்கு ஒரு விசித்திர வியாதி. வெளியே போய்விட்டு வந்தால் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறைந்திருக்கும். வண்டி நின்ற இடத்திலோ ஒரு சொட்டு ஈரம் இராது.

சென்னையில் ஒரு பட்டறையில் காட்டினோம். "வெளியே ஒழுகல்லேன்னா எஞ்சினுக்குள்ளேதான் போகுது. ஹெட்டைக் கழட்டணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "விற்றுவிடலாம்" என்றார். பெங்களூரில் பழைய கார்களின் மேல் பிரியமுள்ள ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். வண்டியை ஒப்படைக்கத்தான் அன்று புறப்பட்டோம். நான் வழி நெடுக வாயைத் திறக்கவில்லை.

கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர். ஐம்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவு ஏற்றம். புது வண்டிகளுக்கு அது தெரிவதேயில்லை. கிழ வண்டிக்குத் தெரிகிறது. சூளகிரி தாண்டியதுமே சூடு காட்டும் முள் நகரத் தொடங்கியது. ஓசூரைக் கடந்து, மூக்கண்டப்பள்ளி அருகே லாரிகளின் நடுவே சிக்கி நின்றபோது முள் கோடிக்குப் போய்விட்டது. முன்புறத்திலிருந்து 'புஸ்' என்று ஆவி!

என் கணவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்தார். "சார்! கையை எடுங்க!" என்று ஓர் அதட்டல். எதிர்ப் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏம்மா, விசில் அடிக்கிற குக்கரைத் தொறப்பீங்களா? இதுவும் அதேதாம்மா" என்றார்.

எவ்வளவு சரியான வார்த்தை! ஓசூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட்டைப் போல உள்ளே அழுத்தம் பிடித்துவைப்பதால்தான் அது கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தாலே கொதிநிலை சுமார் 110 டிகிரிக்குப் போய்விடும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அத்தனை வெந்நீரும் முகத்தில் அடிக்கும். என் கணவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன், உடம்பு நடுங்கியது.

"முக்கால் மணி நேரம் ஆறட்டும்" என்றார் பெரியவர். காத்திருந்த நேரத்தில்தான் ஊரைப் பார்த்தேன். கெலவரப்பள்ளி, தொரப்பள்ளி என்று 'பள்ளி'யில் முடியும் ஊர்கள் இந்தப் பக்கம் ஏராளம். பாடம் படிக்கும் பள்ளியல்ல. சிற்றூர் என்று பொருள். ராஜாஜி 1878-ல் பிறந்தது அந்தத் தொரப்பள்ளியில்தான். கேழ்வரகு விளைந்த இந்த மண்ணில், 1971-ல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-களில் ஓசூர் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராகிவிட்டது. பெரிய ஆலைகளின் நிழலில் எத்தனையோ சின்னப் பட்டறைகள்! கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். பெரியவர் எங்களிடம் தமிழில் பேசினார். லாரிக்காரரிடம் கன்னடத்தில் பேசினார். எடுபிடிப் பையனைத் தெலுங்கில் விரட்டினார்.

எஞ்சின் ஆறியதும் அவர் சோதித்த ஒழுங்கை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஸ்பானரைத் தொடவேயில்லை. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். "தண்ணி எண்ணெயிலே கலந்திருந்தா, பால் ஊத்தின காப்பி மாதிரி இருக்கும். இது சுத்தமா இருக்கு" என்றார். மூடியைக் கழற்றித் தண்ணீரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயைக் கவனித்தார். ஹெட் காஸ்கெட் போயிருந்தால் அங்கே குமிழி குமிழியாக வரும், ஒன்றும் வரவில்லை. பின்னால் புகையைப் பார்த்தார், வெண்புகை இல்லை. பிறகு வாட்டர் பம்புக்கு அடியில் விரலால் தடவினார். ரப்பர்க் குழாய்களை அழுத்திப் பார்த்தார். எங்கும் வெடிப்போ, காய்ந்த உப்புத் தடமோ இல்லை.

எஞ்சினை நிறுத்தி, முள் பொருத்திய ஒரு கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றடித்தார். பத்து நிமிஷமாயிற்று, முள் இறங்கவில்லை. "ஓட்டை எங்கேயும் இல்லை" என்றார். அப்புறம் எங்கள் பழைய மூடியை அதே பம்பில் மாட்டி அடித்தார். முள் ஏறவேயில்லை!

மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்த அப்பளம்போல் வெடித்திருந்தது. "உங்க குக்கர் காஸ்கெட் போனா என்னம்மா ஆகும்? ஆவி போயிடும், பருப்பு வேகாது. இங்கே அழுத்தம் நிக்காம தண்ணி கொதிச்சு, இந்தச் சின்னக் குழாய் வழியா ரோட்டிலே போயிடுது. ஓடுற வண்டியிலே அது யார் கண்ணுக்குத் தெரியும்?"

எங்கள் தவறு இன்னொன்றும் வெளிப்பட்டது. தினமும் காலையில் ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டிருந்தோம். சூட்டில் தண்ணீர் விரியும் அல்லவா? இடமில்லாததால் அதுவும் குழாய் வழியே வெளியேறியிருக்கிறது. வெளியேறும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தனிப் புட்டி புது வண்டிகளில் உண்டு. எங்கள் வண்டியில் இல்லை. "ரெண்டு விரல் எடம் விட்டு ஊத்துங்க" என்றார் பெரியவர்.

புது மூடி போட்டார். வாங்கிய பணம் எங்கள் ஒருநாள் காய்கறிச் செலவைத் தாண்டவில்லை. ஆழ்கிணற்று நீரைக் காட்டி, "வெந்நீர்ப் பானையிலே உப்பு படியறாப்போல இங்கேயும் படியும்" என்று எச்சரித்தார். சுத்திகரித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றச் சொன்னார். அந்தக் கூலண்ட் தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இதை எந்தத் தாயாரும் மறக்கக் கூடாது.

சகோதரிகளே, வீட்டில் வண்டி ஓட்டுவது யாராக இருந்தாலும் ஒன்றை மட்டும் நீங்கள் கேளுங்கள். தண்ணீர் குறைந்தால், "எவ்வளவு ஊற்ற வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "எங்கே போகிறது?" என்று கேளுங்கள். மூடி, குழாய், பம்பு, ரேடியேட்டர் என்று சின்னச் செலவிலிருந்து தொடங்கிப் பார்த்த பிறகுதான் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். முள் ஏறினால் அக்கணமே ஓரமாக நிறுத்துங்கள். ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் வெடித்துவிடும்.

வண்டியை விற்றோமா என்றுதானே கேட்கிறீர்கள்? பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். முள் நடுவிலேயே நின்றது. அந்த நண்பர் வீட்டு வாசலில் இறங்குமுன் என் கணவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "என்ன சொல்கிறாய்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. நண்பரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவரும் நல்லவர், சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது மூக்கண்டப்பள்ளியில் ஹாரன் அடித்தோம். பெரியவர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். அதே அம்பாசிடரில் நாங்கள் இருவரும் திரும்புவதைப் பார்த்ததும், ஒரு வார்த்தையும் பேசாமல், இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.