கொழுக்குமலை: ஏறுவதற்கு டயர்... இறங்குவதற்கு பிரேக்!

கொழுக்குமலை இருப்பது நம் தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளாவின் சூரியநெல்லிக்குத்தான் போக வேண்டும். சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அங்கிருந்து ஏறும் வழியைச் 'சாலை' என்று சொல்ல ரொம்பவே தாராள மனசு வேண்டும். உருளும் கற்கள், பள்ளங்கள், மழை அரித்த தடம். சாதாரண கார்கள் ஏறவே முடியாது. சூரிய உதயம் பார்க்க, விடியும் முன்பே உள்ளூர் ஜீப்புகள் வரிசைகட்டி ஏறுகின்றன.

ஏறும்போது எல்லோர் கண்ணும் டயர் மேல்தான் இருக்கும். இறங்கும்போது டிரைவரின் காலைக் கவனியுங்கள். லோ கியரில் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி நடைவேகத்தில் இறக்குவார்கள். பிரேக்கைத் தொடுவது தேவைப்படும் இடத்தில் மட்டும்தான்.

இந்தப் பயணம் முடிந்து வீடு திரும்பும் பலருக்கு, சொந்தமாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கி, பெரிய டயர் மாட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிடும். ஆசை தப்பில்லை. ஆனால், டயரை மாற்றும்போதே பிரேக்கின் கணக்கும் மாறிவிடுகிறது.

டயர் பெரிதானால் என்ன ஆகும்?

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சுற்றும் சக்கரத்தைக் கையால் நிறுத்திப் பாருங்கள். விளிம்பில் பிடித்தால் சட்டென்று நிற்கும். அச்சுக்குப் பக்கத்தில் பிடித்தால் சிரமம். பிரேக் டிஸ்க் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கை மாதிரி. டயர் பெரிதாகப் பெரிதாக, அந்தக் கையின் பலம் குறைகிறது.

2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் 18 இன்ச் வீலுடன் வரும் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 31 இன்ச். அதில் 35 இன்ச் டயர் மாட்டினால், பிரேக்கை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 11 சதவிகிதம் குறையும். கூடவே டயரின் எடையும் ஏறும்.

ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். அது 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 68-ல் போய்க்கொண்டிருக்கும். அப்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். மலையில் கைகொடுக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் பலவீனமாகும்.

உண்மையான பரீட்சை எங்கே?

ஜீப் தடத்தில் வேகம் குறைவு. அதனால் பிரேக் அவ்வளவாகச் சூடாகாது. சோதனை வருவது, திரும்பி வரும் தார்ச்சாலையில்தான். சூரியநெல்லியிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும், மேலே லக்கேஜும் இருக்க, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பேடு கொதிக்கும், பிடிப்பு குறையும். பிரேக் ஆயிலும் கொதித்துக் குமிழி வந்துவிட்டால், பெடல் அப்படியே தரைக்கு இறங்கிவிடும்.

எந்த வரிசையில் மாற்றலாம்?

* பிரேக் ஆயில்: செலவு குறைவு, பலன் அதிகம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை. ஈரம் சேர்ந்தால் இவை முறையே 140, 155 என இறங்கிவிடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.
* பேடு, ஷூ: அதிகச் சூடு தாங்கும் தரமான பேடுகள் அடுத்த படி. பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் அதற்குள் சேறும் தண்ணீரும் தங்கும். ஓடையைக் கடந்ததும் பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்துங்கள்.
* ஹோஸ்: வண்டியின் உயரத்தையும் கூட்டியிருந்தால், பழைய ஹோஸின் நீளம் போதாமல் இழுபடலாம். சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.
* பெரிய டிஸ்க், காலிப்பர்: 35 இன்ச் அளவுக்குப் போகிறவர்களுக்கு இதுதான் முழுத் தீர்வு. டிஸ்க் வீலுக்குள் அடங்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பருக்குப் பொருந்த வேண்டும். இல்லையென்றால் பெடல் ஆழமாக இறங்கும். முன், பின் பிரேக்குகளின் சமநிலையும் முக்கியம்.

எதை மாற்றினாலும், முதலில் ஆளில்லாத சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். மலைக்கு அப்புறம் போகலாம்.

சட்டமும் இருக்கிறது

தயாரிப்பு நிறுவனம் தந்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதை, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாத மாற்றம் இருந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம். எனவே கடைக்குப் போகும் முன், உங்கள் வண்டிக்கு நிறுவனம் அனுமதிக்கும் டயர் அளவைக் கேட்டு, ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள்.

டயருக்குப் பட்ஜெட் போடும் அன்றே, பிரேக்குக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கை மீறுகிறதா? கம்பெனி டயரே போதும். கொழுக்குமலைக்கு ஏற்றிவிடத்தான் சூரியநெல்லியில் ஜீப்புகள் இருக்கின்றனவே!